தடைக்காலம் முடிந்ததும் குறுக்குப் பிடிப்பது ஏன்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 43. ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். போன வருஷமும் இந்த வருஷமும் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரத்திலேயே, மீன் கூடை தூக்கும்போது குறுக்குப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை ஸ்கேன் எடுத்தோம். எல்4-எல்5 ஜவ்வு விலகியிருக்கிறது, இனி வெயிட் தூக்கவே கூடாது, பெல்ட் போட்டுப் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். மூன்று வாரமாகப் படுத்திருக்கிறார். வலி குறைந்துவிட்டது, பயம்தான் போகவில்லை. கால் மரத்துப்போவதெல்லாம் இல்லை. கடலை விட்டால் வேறு தொழில் தெரியாது. இனிப் போகலாமா? திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது? (கடல்பாசி வளர்க்கும் வேலையில் எனக்கும் குறுக்கு வலி உண்டு. அது பழகிவிட்டது.)
— வாசகி, பாம்பன்

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன் அம்மா. முதலில் உங்கள் வீட்டுக்காரரை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. குறுக்குப் பிடித்தால் ஓரிரு நாள் முடங்குவது சரி. மூன்று வாரம் படுக்கை என்பது வைத்தியம் இல்லை. படுக்கப் படுக்க முதுகைத் தாங்கும் தசை இளைக்கும். தசை இளைத்தவர் எழுந்து ஒரு குடத்தைத் தூக்கினாலே பிடித்துக்கொள்ளும். அப்புறம், "பார்த்தீர்களா, வெயிட்டே ஆகவில்லை" என்பார்.

"ஜவ்வு விலகிவிட்டது" என்கிற சொல்லே பாதிப் பயத்தைக் கொடுத்துவிடுகிறது. ஏதோ கதவு கீல் கழன்ற மாதிரி. அந்த ஜவ்வு இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு (எல்4, எல்5) நடுவில், அவற்றோடு இறுக ஒட்டியிருப்பது. வழுக்கிக்கொண்டு எங்கும் போகாது. வயதாக ஆக அதன் விளிம்பு கொஞ்சம் பிதுங்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்து 1994-ல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரு ஜவ்வாவது பிதுங்கித்தான் இருந்தது. 43 வயதில் உங்களவருக்கு அப்படி இருப்பது தலையில் நாலு நரைமுடி இருப்பதைப் போல. வலிக்கு அதுதான் காரணம் என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது ஸ்கேன் இல்லை, "முதல் வாரத்திலேயே" என்ற சொல். ஜூன் கடைசியில் என் ஓ.பி.யில் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கிறது. ஆளும் அப்படித்தான். குனிந்து உட்கார்ந்து வலை பின்னுவார், மரத்தடியில் சீட்டாடுவார், மத்தியானம் தூங்குவார். ஜூன் 15-ம் தேதி ஒரே நாளில் பழைய சுமை முழுக்கத் தலையில் ஏறுகிறது. படகுக்கு மட்டும் அந்த இரண்டு மாதத்தில் பழுது பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறோம். முதுகை யாரும் பார்ப்பதில்லை.

படகு வேலையில் எந்த நேரம் ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் வேலை, விடியற்காலை கரை திரும்பும்போது எஞ்சின் அதிர்வில் ஒரு மூலையில் சுருண்டு கண்ணசருவார்கள். ஜெட்டி வந்ததும் எழுப்பிவிட்டால் நேராகக் கூடை தூக்குவதுதான். நீட்டிப் படுத்தால் ஜவ்வு தண்ணீரை இழுத்து ஊறும், ஊறவைத்த சுண்டல் மாதிரி. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். எழுந்து நடமாடினால் அந்த ஊறலில் பாதிக்கும் மேல் முதல் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். அதற்குள் குனிந்து பாரம் தூக்குவது ஜவ்வுக்குக் கூடுதல் சுமை. குனிந்தே உட்கார்ந்திருந்தால் வேறு சங்கடம்: முதுகின் நாண்கள் இழுபட்டு, நிமிர்ந்த பிறகும் சற்று நேரம் தொய்வாகவே இருக்கும். நைலான் கயிறு தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கரை தெரிய ஆரம்பிக்கும்போதே எழுந்துவிடட்டும். இடுப்பில் கை வைத்துப் பின்பக்கம் நாலைந்து தடவை வளைந்து, பத்து நிமிஷம் நின்று நடந்து, அதன்பிறகு கூடையைத் தொடட்டும்.

"முழங்காலை மடக்கித் தூக்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆடும் படகில், வழுக்கும் பலகையில் அது எவ்வளவு நடக்கும்? தூக்கும் முறையை வகுப்பெடுத்துச் சொன்னதால் மட்டும் முதுகு வலி குறைந்ததாக ஆராய்ச்சிகளும் காட்டவில்லை. நான் இரண்டே விஷயத்தை வற்புறுத்துவேன். பாரம் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். ஜெர்மனியில் ஒருவரின் ஜவ்வுக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து அளந்து 1999-ல் வெளியிட்டார்கள். சும்மா நிற்பதைவிட, முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது நாலு மடங்குக்கும் மேல் அழுத்தம். அதே 20 கிலோவை நெஞ்சோடு அணைத்தபோது இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியது. இன்னொன்று, கீழிருந்து தூக்கிய கூடையை இடுப்பைத் திருகி அடுத்தவரிடம் நீட்டக் கூடாது. காலை எடுத்து வைத்து, ஆளே திரும்ப வேண்டும். பிடித்துக்கொண்ட பலரிடம் கேட்டால், "தூக்கித் திரும்பினேன் சார்" என்பார்கள்.

சுமையே அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. எல்லாம் வாகாக இருந்தால்கூட இரண்டு கையால் தூக்க 23 கிலோதான் வரம்பு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஐஸ் போட்ட மீன் கூடை இதை அலட்சியமாகத் தாண்டும். இருவராகத் தூக்குவதும், கூடையை நிரப்பாமல் முக்காலில் நிறுத்துவதும் கௌரவக் குறைவு இல்லை. இதைப் படகு உரிமையாளரிடமும் சொல்லலாம். ஆள் படுத்துவிட்டால் அவருக்கும்தானே நஷ்டம்?

பெல்ட் போடுவதால் முதுகு அடிபடாது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. பாரம் தூக்கும் அரை மணி தைரியத்துக்குப் போட்டால் போடட்டும், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடட்டும். வலிக்காகக் கடையில் மாத்திரை வாங்கிக் கடலில் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் விழுங்குகிறார்களே, அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். பீடி ஜவ்வுக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் கெடுக்கிறது. பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் விடச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? நடை. முதுகு வலி வந்து சரியான 701 பேரை ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். படிப்படியாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி வரை நடக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மறுபடி வலி வர நடுக்கணக்கில் (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல்) 208 நாள் ஆனது. சொல்லப்படாதவர்களுக்கு 112 நாள். 2024-ல் வந்த முடிவு அது. அலை நனைத்த கெட்டி மணலில் பத்து நிமிஷத்தில் ஆரம்பிக்கட்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கிப் பத்து எண்ணுவது ஒன்று. தவழும் குழந்தை போல நின்று வலது கையையும் இடது காலையும் நீட்டிப் பிடித்து, பிறகு மாற்றிச் செய்வது ஒன்று. தினம் பத்துப் பத்துத் தடவை. இரண்டு வாரம் ஆனதும் மணல் நிரப்பிய பை: ஐந்து கிலோ, பத்து, பதினைந்து. வலி கூடாமல் அதைத் தூக்க முடிகிற அன்று கடலுக்குப் போகலாம். முதல் சில நாளாவது பாதிச் சுமை. அடுத்த வருஷம் மே கடைசியிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், பாதம் தொய்ந்தால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்தால் (முதுகெலும்பில் காசநோய் நம் பக்கம் அரிதல்ல) காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் போக முடியாமல் போனாலோ, மலஜலம் தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனை. விடியட்டும் என்று விடக் கூடாது.

இனி உங்கள் வரி. மணலில் குந்தி மணிக்கணக்கில் கயிற்றில் பாசி கட்டி, இடுப்பளவு தண்ணீரில் மூங்கில் மிதவையை இழுத்து, நனைந்த பாசியைச் சுமந்து, வீட்டுக்கு வந்து குடத்தையும் தூக்குகிறவருக்குக் குறுக்கு வலி "பழகியது" ஆகாது. ஒரு பலகையை இடுப்புயரத்தில் போட்டு, நின்றபடி கட்டிப் பாருங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிமிருங்கள். மிதவையைத் தண்ணீர் தாங்கும் ஆழத்திலேயே வைத்து அறுத்து, வடியவிட்டு, ஒரு மூட்டையை இரண்டாக்குங்கள். நம் மாவட்டத்தில் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிறார்களே, அந்த வண்டியைச் செய்தவருக்கு நான் வணக்கம் போடுவேன். கரையிலும் பாசிக்கு அப்படி ஒன்று இருந்தால் பாதி வலி குறையும்.

உங்கள் வயது, மாதவிடாய் நின்றுவிட்டதா, இரவில் வலி எழுப்புகிறதா, எத்தனை மாதமாக இருக்கிறது என்பதை எழுதுங்கள். அடுத்த முறை உங்களுக்கு மட்டும் பதில் தருகிறேன்.