‘அவளுக்கு மட்டும் ஏன் வேறு டம்ளர்?’ – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தன் தோழியை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். தோழியின் அப்பா பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அந்தப் பெண் தண்ணீர் கேட்டபோது, என் மாமியார் பின்கட்டில் கிடந்த பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி வாசற்படியில் வைத்தார். அவளும் ஒன்றும் பேசாமல் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ‘அவளுக்கு மட்டும் ஏன் வேறு டம்ளர்?’ என்று என் மகள் ஓயாமல் கேட்கிறாள். இந்த வயதில் அவளிடம் சாதியைப் பற்றிப் பேசலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: பேசத்தான் வேண்டும், சகோதரி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது, அந்தக் குழந்தை டம்ளரைத் தானே கழுவி வைத்தாள் என்ற வரி. யாரும் சொல்லாமலே அவளுக்கு அது தெரிந்திருக்கிறது என்றால், இதற்கு முன்பே வேறு ஏதோ ஒரு வீட்டு வாசலில் அவள் அதைப் பழகியிருக்கக்கூடும். ‘இந்த வயதில்’ என்று உங்கள் மகளுக்காக நீங்கள் தயங்குகிறீர்கள். அந்தத் தோழிக்காக அப்படித் தயங்க யாரும் இல்லை. 1891இல் பிறந்த அம்பேத்கர், பள்ளிக்கூடத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச்சாக்கின் மீது தனியே உட்கார வைக்கப்பட்டார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர், அவர் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்து, அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய பிறகும், அதே தண்ணீர் உங்கள் வாசற்படியில் தனியாக வைக்கப்படுகிறது.

மகளிடம் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: ‘உன் தோழி எந்தத் தவறும் செய்யவில்லை. அவள் பிறந்த சாதியைக் காரணமாக வைத்துப் பாட்டி அப்படிச் செய்தார். அது தவறு.’ நீங்கள் அப்போது அருகில் இருந்தீர்களா என்பது கடிதத்தில் இல்லை. இருந்திருந்தால், தடுக்காமல் நின்றதையும் மறைக்க வேண்டாம். ‘அந்த டம்ளர்தான் கைக்கு எட்டியது’ என்று மழுப்பினால் அவள் நம்ப மாட்டாள். ஆனால் கேட்பதை நிறுத்திவிடுவாள், இன்னும் சில ஆண்டுகளில் அவளே அந்த டம்ளரைத் தேடி எடுக்கவும் கூடும். அவள் வெகுளித்தனம் பறிபோவது அப்போதுதான். இன்று அவள் கேட்பது நியாய உணர்வின் கேள்வி.

மாமியாரிடம் சட்டத்தைவிட அம்மனை முன்வைத்துப் பேசுவது பலன் தரலாம். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து ஊர்வலமாக வரும் அம்மனின் சிரசு, அதாவது தலை, கெங்கையம்மன் கோயிலில் சண்டாளச்சியின் உடலில் பொருத்தப்பட்ட பிறகுதானே ஊரே திரண்டு தரிசிக்கிறது? ரேணுகாதேவியோடு சேர்த்து வெட்டப்பட்ட, தாழ்த்தப்பட்டவளாகக் கருதப்பட்ட பெண்ணின் உடல் அது என்பது அவர் சிறுவயது முதல் கேட்ட கதை. அந்த உடலைக் கும்பிட்டுவிட்டு வந்த அதே நாளில் ஒரு குழந்தையை வாசலில் நிறுத்தலாமா என்று, கோபப்படாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள். அவர் மாறாமலும் போகலாம். எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான் என்பதை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை, வீடு உங்களுடையதும்தான்.

தோழியின் அம்மாவை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். மகளைத் தூது அனுப்ப வேண்டாம். நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவியுங்கள், மன்னிக்கும்படி வற்புறுத்தாதீர்கள். அந்தச் சிறுமி மறுபடி உங்கள் வீட்டுக்கு வர விரும்பாவிட்டால் அது அவளுடைய உரிமை. அவள் விரும்பினால், உங்கள் மகள் அங்கே போய் விளையாடட்டும்.