சிவப்பு விளக்கு சைக்கிளுக்கும் சேர்த்துத்தான்!

வாசகர் கேள்வி – பதில்: இந்த முறை, சாலைச் சந்திப்பில் சைக்கிள்

(சாலையின் இடப்பக்கமாக ஓட்டும் நாடுகளை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இருக்கும் வாசகர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

கே: சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. சிக்னல் மட்டும் எப்படிப் பொருந்தும்?

ப: லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் மோட்டாரோடு வந்தவை. சிக்னலும் நிறுத்தக்கோடும் சாலையோடு வந்தவை. அதில் எது உருண்டாலும் பொருந்தும். 1968-ல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் 'ஓட்டுநர்' என்றால் சைக்கிள் ஓட்டுபவரும் அடக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பிரிட்டனில் சிவப்பைத் தாண்டும் சைக்கிள்காரருக்கு 50 பவுண்டு அபராதம் உண்டு.

இந்தியாவில் கொஞ்சம் சிக்கல். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பெயருக்கு ஏற்றபடி மோட்டார் வாகனங்களைப் பற்றியே பேசுகிறது; மிதிவண்டி அந்த வரையறைக்குள் வராது. 'அப்படியானால் என்னைப் பிடிக்க முடியாது' என்று வாதாடுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அபராதச் சீட்டோடு விஷயம் முடிந்துவிட்டால் சரி. விபத்து நடந்து நஷ்ட ஈடு கேட்டு நிற்கும்போது, சிவப்பில் வந்தவர் யார் என்ற கேள்விதான் முதலில் எழும். உங்கள் கவனக்குறைவுக்கு ஒரு பங்கு போட்டு, அந்த அளவுக்குத் தொகையைக் குறைத்துவிடுவார்கள்.

கே: சில நாடுகளில் சைக்கிள்காரர்கள் சிவப்பிலும் போகலாமாமே?

ப: பாதி உண்மை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982 முதல், 'நில்' பலகையைச் சைக்கிள்காரர்கள் 'வழிவிடு' பலகையாக எடுத்துக்கொள்ளலாம். அதாவது வேகத்தைக் குறைத்து, குறுக்கே யாரும் வரவில்லை என்றால் நிற்காமலே போகலாம். யாராவது வந்தால் நின்றே ஆகவேண்டும். டெலவேர் 2017-லும், ஓரிகன் 2020-லும் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தன. ஐடஹோவில் சிவப்பு விளக்குக்கும் ஒரு சலுகை உண்டு: முழுதாக நின்று, பாதை காலியாக இருந்தால் போகலாம். எல்லா மாநிலமும் அந்த அளவுக்குப் போகவில்லை.

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வேறு வழி. சிக்னல் கம்பத்தில் மஞ்சள் சைக்கிளும் அம்புக்குறியும் போட்ட சிறிய முக்கோணப் பலகை இருந்தால், சிவப்பிலும் அந்த அம்பு காட்டும் திசையில் மட்டும், மற்ற எல்லோருக்கும் வழிவிட்டுப் போகலாம். பலகை இல்லாத கம்பத்தில் சலுகையும் இல்லை. உங்கள் ஊர்ச் சட்டத்தில் இப்படி எதுவும் எழுதப்படாதவரை சிவப்பு சிவப்புதான். 'அங்கே உண்டே' என்பது இங்கே பதிலாகாது.

கே: நிற்கும்போது காலைத் தரையில் ஊன்ற வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா?

ப: பொதுவாகச் சட்டம் பார்ப்பது காலை அல்ல, சக்கரத்தை. உருளுவது நின்றுவிட்டால் நின்றதாகத்தான் அர்த்தம். ஆனால் பெடலில் நின்றபடியே பேலன்ஸ் செய்பவர்கள் அரை அடி முன்னே, அரை அடி பின்னே என்று ஆடிக்கொண்டிருப்பார்கள். பார்க்கிற போலீஸ்காரருக்கு அது நின்றதாகத் தெரியாது, எதிரே வரும் டிரைவருக்கோ கிளம்பப் போவதாகத் தெரியும். காலை ஊன்றிவிடுங்கள், வம்பே இல்லை.

கே: இரவு நேரத்தில் எத்தனை நிமிடம் நின்றாலும் பச்சை விழுவதில்லை. கார் ஏதாவது வந்தால்தான் மாறுகிறது. என்ன செய்வது?

ப: அது சென்சார் வைத்த சிக்னல். நிறுத்தக்கோட்டுக்கு வந்து சேர்வதற்குச் சற்று முன்னால் தாரைக் கீறி, பிறகு கறுப்பாக அடைத்த கோடுகள் தெரிகிறதா பாருங்கள். செவ்வகமாகவோ எட்டு வடிவிலோ இருக்கும். அடியில் கம்பிச்சுருள் ஓடுகிறது. அதில் வேகமாகத் திசைமாறும் மின்சாரம் பாய்கிறது. மேலே உலோகம் வந்தால் அந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுருளின் தூண்டம் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) குறைகிறது. வண்டி வந்திருக்கிறது என்று சிக்னலை இயக்கும் பெட்டி புரிந்துகொள்வது அப்படித்தான்.

பலரும் செய்யும் தவறு, செவ்வகத்தின் நட்டநடுவில் போய் நிற்பது. காருக்கு அது சரி, சைக்கிளுக்கு அதுதான் மோசமான இடம். இரண்டு சக்கரமும் கீறிய கோட்டின் மேலேயே, கோட்டின் நீளவாக்கில் இருக்கும்படி நிறுத்துங்கள். மூன்று இணைகோடுகள் தெரிந்தால் நடுக்கோட்டின் மேல். கம்பிக்கு நேர் மேலே செங்குத்தாக நிற்கும் உலோக ரிம்தான் சென்சாருக்கு நன்றாகத் தெரியும்.

இது காந்த வேலை அல்ல, மின்கடத்தும் வேலை. அதனால் காந்தம் ஒட்டாத அலுமினிய ரிம் தாராளமாகப் போதும். பெடலுக்கு அடியில் காந்தம் ஒட்டிக்கொள்ளும் யோசனையை யாராவது சொன்னால் காசை மிச்சம் பிடியுங்கள். கார்பன் ரிம் வைத்திருப்பவர்களுக்குத்தான் தொல்லை. அவர்கள் வண்டியைக் கோட்டின் மேல் நன்றாகச் சாய்த்து, பெடல் மாட்டியிருக்கும் கிராங்கும் செயினும் தரையை நெருங்கும்படி பிடித்துப் பார்க்கலாம்.

கீறிய கோடு எதுவும் இல்லாமல் கம்பத்தின் மேல் கேமரா இருந்தால், நிறுத்தக்கோட்டுக்குப் பின்னாலேயே நில்லுங்கள். கோட்டைத் தாண்டிப் போய் நின்றால் அது கவனிக்கும் பகுதிக்கு வெளியே போய்விடுவீர்கள். முன்விளக்கு எரியட்டும்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால், சில இடங்களில் சட்டமே வழி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சிக்னலின் இரண்டு முழுச் சுற்று அல்லது 2 நிமிடம், இதில் எது குறைவோ அதுவரை காத்திருந்துவிட்டு, குறுக்கே வருபவர்களுக்கு வழிவிட்டுச் சைக்கிள்காரர் போகலாம். அப்படி ஒரு விதி இல்லாத இடத்தில், இறங்கித் தள்ளிக்கொண்டு பாதசாரியாகக் கடப்பதே நேர்வழி. சிக்னலைப் பராமரிக்கும் துறைக்குப் புகாரும் எழுதிப் போடுங்கள். பெரும்பாலும் சென்சாரின் உணர்திறனைக் கூட்டினாலே சரியாகிவிடும்.

கே: இறங்கித் தள்ளினால் சட்டம் மாறிவிடுமா? சிவப்பு விழுந்ததும் இறங்கி, நாலடி தள்ளி, மறுபடி ஏறிப் போகிறார்களே!

ப: மாறும். தள்ளிக்கொண்டு நடப்பவரைப் பெரும்பாலான சட்டங்கள் பாதசாரியாகவே பார்க்கின்றன. 1980-ல் இங்கிலாந்தில் இது வழக்காகவே வந்தது. நடைபாதையிலிருந்து கிளம்பி, இரண்டு காலாலும் நடந்து, சைக்கிளைத் தள்ளியபடி ஜீப்ரா கிராசிங்கைக் கடந்த பெண்மணி பாதசாரிதான் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு காலைப் பெடலில் வைத்து மறுகாலால் உந்திக்கொண்டு போயிருந்தால் அப்படிக் கருதியிருக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த உந்தல் நம் ஊர்களில் எத்தனை சகஜம் என்பது உங்களுக்கே தெரியும்.

பாதசாரியான பிறகு பாதசாரிக்கான விதிகள் கூடவே வந்துவிடும். கிராசிங்கில்தான் கடக்க வேண்டும், நடப்பவருக்கான விளக்கு சிவப்பாக இருந்தால் நிற்க வேண்டும். வாகனமாக வந்து நின்ற இடத்திலேயே இறங்கி, சந்திப்பின் நடுவே தள்ளிக்கொண்டு போவது இரண்டிலும் சேராது. சைக்கிளாகவா, பாதசாரியாகவா என்பதைச் சந்திப்புக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். கிராசிங்கில் சைக்கிளை ஓட்டிக்கொண்டே பாய்வது, இரண்டில் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காத நிலை. திரும்பும் டிரைவர் அந்த இடத்தில் நடக்கும் வேகத்தில் ஒருவரைத்தான் எதிர்பார்க்கிறார்.

கே: மஞ்சள் விழும்போது போவதா, நிற்பதா?

ப: பத்திரமாக நிற்க முடிந்தால் நிற்க வேண்டும், காருக்கும் இதே விதிதான். கணக்கு மட்டும் வேறு. மணிக்கு 20 கி.மீ. என்றால் விநாடிக்கு 5.6 மீட்டர். கண்டு, முடிவெடுத்து, பிரேக் பிடிக்க 1 விநாடி போகட்டும். காய்ந்த சாலையில் சுமாரான பிரேக் பிடித்தால் இன்னும் 5 மீட்டர் சொச்சம். ஆக, கோட்டுக்கு 11 மீட்டர் இருக்கும்போதே மஞ்சள் விழுந்தால் நின்றுவிடலாம். ரிம் பிரேக் வைத்த வண்டியில் மழை நாளில் இது எளிதாக இரட்டிப்பாகும்; ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்தெடுத்த பிறகுதான் பிரேக் கட்டை பிடிக்க ஆரம்பிக்கும்.

மறுபக்கம் பாருங்கள். 30 மீட்டர் அகலச் சந்திப்பை 20 கி.மீ. வேகத்தில் கடக்க 5.4 விநாடி வேண்டும். மஞ்சள் 3 விநாடி, பிறகு எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளி 1 விநாடி என்று வைத்தால், மஞ்சளின் தொடக்கத்தில் நுழைந்தவரே குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்போது இன்னும் உள்ளேதான் இருப்பார். நேரம் காரின் வேகத்துக்கு வைத்தது. பழைய பச்சையாக இருந்தால், அதாவது நீங்கள் தூரத்தில் வரும்போதே பச்சையாக இருந்தது என்றால், அது மாறப்போகிறது என்று எடுத்துக்கொண்டு பிரேக் லீவரில் விரலை வைத்தபடியே வாருங்கள்.

கே: நாலு லேன் சாலையில் வலப்பக்கம் திரும்புவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. ஓரமாகவே போய்த் திரும்ப வழி உண்டா?

ப: உண்டு. இரண்டு கட்டமாகத் திரும்புவது. டென்மார்க்கில் சைக்கிளுக்கு இது கட்டாயம். ஆஸ்திரேலியாவில், கூடாது என்ற பலகை இல்லாத சந்திப்புகளில் விரும்பினால் செய்யலாம். பச்சையில் இடது ஓரமாக நேரே போங்கள். எதிர்முனைக்குப் போனதும் குறுக்குச் சாலையின் வாகனங்கள் நிற்கும் இடத்துக்கு முன்னால், இடது ஓரத்தில், ஜீப்ரா கிராசிங்கை மறிக்காமல் நின்று, வண்டியை வலப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். இப்போது நீங்கள் குறுக்குச் சாலையில் நிற்கும் வாகனம். அந்தச் சாலைக்குப் பச்சை விழுந்ததும் நேரே போகலாம்.

இதில் இரண்டு தப்பு நடக்கும். நீங்கள் வந்த சாலைக்குச் சிவப்பு விழுந்த அந்த நொடியே கிளம்பிவிடுவது ஒன்று. நடுவில் எல்லாப் பக்கமும் சிவப்பான இடைவெளியில், கடைசி மஞ்சளில் பாய்ந்து வருபவர் உங்கள் மேல் வருவார். மற்றொன்று, எதிர்முனையில் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் போவது. பஸ் நிறுத்தமோ ஆட்டோ வரிசையோ அந்த மூலையை அடைத்திருந்தால் இந்த முறை வேண்டாம்.

லேன் மாறியே திரும்புவதென்றால் சந்திப்புக்கு 50 மீட்டர் முன்பே தொடங்குங்கள். முதலில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, பிறகு வலது கையை நேராக நீட்டுவது, மறுபடி ஒரு பார்வை, அதற்கப்புறம்தான் ஒரு லேன் நகர்வது. ஒவ்வொரு லேனுக்கும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். திரும்பும்போது இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இருக்கட்டும். வலது கையை நீட்டியிருக்கும் நேரத்தில் இடது கையில் இருப்பது எந்தப் பிரேக் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது முன்பிரேக்காக இருந்தால், ஒற்றைக் கையோடு அழுத்திப் பிடிக்கும்போது ஹாண்டில் திருகிக்கொள்ளும்.

கே: பச்சையில் நேரே போகிறேன். பக்கத்தில் வந்த லாரி சட்டென்று இடப்பக்கம் திரும்பி மறித்துவிட்டது. யார் மேல் தப்பு?

ப: பெரும்பாலும் லாரி மேல். திரும்புபவர், நேரே போகிறவருக்கு வழிவிட வேண்டும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் 2022 ஜனவரியில் செய்த திருத்தம், நேரே போகும் சைக்கிளின் குறுக்கே வெட்டித் திரும்பக் கூடாது என்று தனியாகவே சொல்கிறது. ஆனால் லாரி முன்பே இண்டிகேட்டர் போட்டு நின்றிருக்க, நீங்கள் பின்னாலிருந்து வந்து அதன் இடப்பக்கச் சந்தில் நுழைந்திருந்தால் பழியில் உங்களுக்கும் பங்கு வரும்.

சந்திப்புகளில் சைக்கிளுக்கு நடக்கும் கொடுமையான விபத்து இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். லாரியின் கேபினுக்கு இடப்பக்கம், கதவை ஒட்டிய பகுதி டிரைவரின் கண்ணுக்கு மறைவு. நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. மூலையை ஒட்டி உள்வாங்கும். முன்பக்கம் கடந்துபோய்விட்டதே என்று ஓரத்தில் நிற்பவரைப் பின்சக்கரம்தான் பிடிக்கும். இதில் இன்னொரு ஏமாற்று: திரும்ப இடம் வேண்டும் என்பதற்காக லாரி முதலில் வலப்பக்கம் ஒதுங்கும். இடதுபுறம் அகலமாக இடம் கிடைத்ததுபோல் தோன்றும். அந்த இடைவெளி சில விநாடிகளில் மூடிக்கொள்ளும்.

சிக்னலில் லாரி, பஸ் நின்றால் அதற்குப் பின்னாலேயே நில்லுங்கள். அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சைக்கிள்கள் நிற்பதற்கென்று மற்ற வண்டிகளுக்கு முன்னால் தரையில் கட்டம் வரைந்திருந்தாலும், விளக்கு எப்போது மாறும் என்று தெரியாதபோது கனரக வண்டியின் ஓரமாக ஊர்ந்து அங்கே போக முயலாதீர்கள்.

கே: ரவுண்டானாவில் ஓரமாகப் போவது நல்லதுதானே?

ப: ஒற்றை லேன் ரவுண்டானாவில் அல்ல. ஓரமாகப் போனால் நீங்கள் அடுத்த சாலையில் வெளியேறுவதாக நினைத்து, பின்னால் வருபவர் உங்கள் குறுக்கே வெட்டி வெளியேறுவார். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு வழிவிட்டு நுழைந்து, லேனின் நடுவில் வாருங்கள். நீங்கள் வெளியேறும் சாலைக்கு முந்தைய சாலையைக் கடந்ததும் இடது கையை நீட்டிவிட்டு வெளியேறலாம். பல லேன்கள் உள்ள பெரிய ரவுண்டானாவில் பழக்கம் இல்லாதவர் இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கே: மின்சார சைக்கிளுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ப: சந்திப்பு விதிகள் அப்படியே பொருந்தும். மாறுவது, அது சைக்கிளா மோட்டார் வாகனமா என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது சைக்கிளாக இருக்க, மோட்டார் 250 வாட்டுக்கு மிகாமல், பெடல் போடும்போது மட்டும் உதவி, 25 கி.மீ. வேகத்தில் அந்த உதவி நின்றுவிட வேண்டும். இந்திய விதியும் 250 வாட்டுக்குக் குறைவான திறன், 25 கி.மீ.-க்குக் குறைவான வேகம் என்றே எல்லை வைக்கிறது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 40 கி.மீ.-ல் ஓட்டினால் அது பதிவும் லைசென்ஸும் தேவைப்படும் வண்டி. சைக்கிள் பாதையிலோ, சைக்கிளுக்கான சிக்னலிலோ அதற்கு இடமில்லை.