வாசகர் கேட்டவை: பாதியில் நிற்கும் பவர் அன்ரனா

கேள்வி: தந்தையார் காலத்து 1984 ஆம் ஆண்டு டொயோட்டா கிரவுன் காரை இன்றும் பாவித்து வருகிறேன். சென்ற மாரிக்குப் பின்னர், ரேடியோவைப் போட்டதும் பின் மட்காட்டுக்குள் அன்ரனாவை ஏற்றி இறக்கும் மோட்டர் கரகரவென்று சுற்றுகிறது. அன்ரனாவோ ஒரு சாண் உயர்ந்ததும் நின்றுவிடுகிறது. பற்றரியும் இரு முறை இறங்கிவிட்டது. முழுவதையும் மாற்றும்படி கராஜில் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா? (வாசகர், கல்லடி)

பதில்: உண்டு. மோட்டர் சுற்றும் சத்தம் கேட்பதால் பியூஸ், ரிலே, மோட்டர் மூன்றும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே உள்ளன. முழுவதையும் மாற்ற அவசரப்பட வேண்டாம்.

மோட்டரின் பற்சக்கரம் பல்வைத்த நைலோன் நாடா ஒன்றைத் தள்ளியும் இழுத்தும் தான் அன்ரனாக் குழாய்களை ஏற்றி இறக்குகிறது. ரேடியோவைப் போட்டு மோட்டர் சுற்றும்போதே அன்ரனாவின் நுனியை மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்தால் நாடாவின் பற்கள் தேய்ந்துவிட்டன அல்லது நாடா அறுந்துவிட்டது; இறுகி நின்றால் குழாய்கள் உப்பும் மணலும் ஏறிச் சிக்கியுள்ளன. கடலை அண்டிய ஊர்களில் இரண்டாவதே முதலில் தொடங்கி, சிக்கிய குழாயைத் தள்ளித் தள்ளி நாடாவின் பற்களையும் தின்றுவிடும்.

நாடாவோடு சேர்ந்த குழாய்த் தொகுதி தனியாகவும் கிடைக்கும். வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் நாடாவின் தடிப்பையும் பற்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலுள்ள நட்டைக் கழற்றிவிட்டு ரேடியோவைப் போட்டால் பழைய நாடா வெளியே தள்ளப்படும். அறுந்த துண்டு உள்ளே தங்கினால் மோட்டர்ப் பெட்டியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். புதிய நாடாவைப் பற்கள் சக்கரத்தைப் பார்க்கும்படி நுழைத்து, ஒருவர் ரேடியோவை நிறுத்தும் வேளையில் மற்றவர் பிடித்துக்கொண்டால் மோட்டரே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதே வேளையில் அடியிலுள்ள சிறு இறப்பர் வடிகுழாயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நான் திருத்திய ஒரு காரில் அதை உருவியதும் கறுத்த நீரும் அதன் பின்னே ஒரு கைப்பிடி மணலும் கொட்டின. அந்த நீர் மாரி முழுவதும் மோட்டருக்குள் தேங்கி நின்றிருக்கிறது. அந்த அடைப்பை எடுக்காமல் புதிய நாடா பூட்டினால் அடுத்த மாரியில் மீண்டும் கடிதம் எழுதுவீர்கள். குழாய்களுக்குக் கிறீஸ் பூசாதீர்கள், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தால் போதும்.

பற்றரி இறங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அன்ரனா முழுதாக இறங்காதபோது மோட்டரை நிறுத்தும் எல்லைச் சுவிட்ச் இயங்காமல், மின்சாரம் தொடர்ந்து ஓடக்கூடும். எல்லாவற்றையும் அணைத்து, பற்றரியின் மறை (−) முனையிலிருந்து வயரைக் கழற்றி, இரண்டுக்கும் இடையில் மல்டிமீற்றரை அம்பியர் அளவில் வைத்து, மோட்டருக்குச் செல்லும் இணைப்பைக் கழற்றுங்கள். அளவு சட்டென்று 0.05 அம்பியருக்குக் கீழே விழுந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. புதிய ரேடியோ மாற்றியிருந்தால் அன்ரனாவை ஏவும் வயர் தவறுதலாக நிரந்தர 12 வோல்ட் வயரோடு முறுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வயரின் நிறத்தை நம்பாமல் மீற்றரை நம்புங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய காரில் அன்ரனா முழுதாக உயர்ந்தும் 90 மெகாஹேர்ட்ஸுக்கு மேலேயுள்ள எவ்எம் நிலையங்கள் கேட்கவில்லை. அன்ரனா பழுதா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: இல்லை. அக்கால ஜப்பானிய ரேடியோக்கள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை மட்டுமே எடுக்கும். நமது நிலையங்கள் 108 வரை பரந்துள்ளன. அன்ரனா வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவில், நிலையங்களின் அலைவரிசையைக் குறைத்து ரேடியோவுக்குக் கொடுக்கும் எவ்எம் எக்ஸ்பாண்டர் ஒன்றைப் பூட்டுங்கள். 20 மெகாஹேர்ட்ஸ் குறைக்கும் வகையாயின் 100இல் உள்ள நிலையம் 80இல் கேட்கும்.