நாடகத்துக்காக இரண்டு பேர் உள்ளே நின்று நடக்கிற யானை செய்ய வேண்டும். தெர்மாகோல் போதுமா? எவ்வளவு எடை வரலாம்?

தெர்மாகோல் வேண்டாம். இரண்டாவது ஒத்திகையிலேயே உதிர ஆரம்பிக்கும். தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டும்.

நான் எழுத உட்கார்ந்தது எடையைப் பற்றி. இங்கே ஒருவர், "தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரைக்காரர்கள் சுமக்கவில்லையா, நடிகரும் சுமக்கட்டும்" என்று பதில் போட்டிருக்கிறார். கட்டைக்கால் கட்டி ஆடுகிறவர் வருடக்கணக்கில் பழகியவர். கூடு அவர் இடுப்பைச் சுற்றித்தான் இருக்கும். முகம் வெளியே, மூச்சுக்குத் தடையில்லை. யானைக்குள் குனிந்து நிற்கிறவருக்கு இதில் எது இருக்கிறது? மரபுக் கலையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களை மதிப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

2016-ல் திருச்சியில் ஒரு சிறுவர் நாடகத்துக்கு யானை செய்தேன். மூங்கில் பிளாச்சு, கட்டுக்கம்பி, அதன்மேல் காகிதக் கூழ், அதற்கும் மேல் கோணி. மொத்தம் 26 கிலோ. கூழ் காய்ந்தால் எடை குறையும் என்று நம்பினேன். நாற்பது நிமிட ஒத்திகை முடிந்து முன்னால் நின்ற தம்பி சட்டையைக் கழற்றினான். இரண்டு தோளிலும் பட்டை பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. "பரவாயில்லண்ணே, பழகிரும்" என்றான். அன்று ராத்திரியே கூட்டைப் பிரித்துவிட்டேன்.

தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மைக் குழு 2007-ல் லண்டன் நேஷனல் தியேட்டருக்குச் செய்த குதிரைகளின் படங்களைப் பார்த்திருந்தேன். பிரம்புக் கூடு. உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரிவார்கள். ஆனாலும் அந்தக் குதிரை மூச்சு விடும், பார்க்கிறவர்கள் நம்புவார்கள். அப்படியென்றால் நாமும் உடம்பு முழுவதையும் மூட வேண்டியதில்லை. பிரம்பை நனைத்து வளைத்து, நைலான் நூலால் கட்டி, பாதி உடம்புக்கு மட்டும் சாம்பல் நிறத் துணி போட்டேன். 11 கிலோவில் முடிந்தது. தோள்வாரை எடுத்துவிட்டு, மலையேறுகிறவர்களின் பையில் இருக்குமே, அந்த இடுப்புப் பட்டையை வைத்துத் தைத்தேன். பாரம் இடுப்பில் உட்கார வேண்டும். தோள் வெறும் துணைக்குத்தான்.

தலையில் இன்னும் கவனம் வேண்டும். உடம்பை விட்டு ஒரு முழம் முன்னே நீட்டி நிற்கிற இரண்டு கிலோ, முதுகோடு ஒட்டிய ஆறு கிலோவைவிடக் கனக்கும். தும்பிக்கைக்குள் பஞ்சைத் திணிக்காதீர்கள். பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக அறுத்துத் துணிக்குள் தைத்து, சைக்கிள் பிரேக் ஒயர் இரண்டைக் கோத்தேன். ஒன்றை இழுத்தால் தூக்கும், மற்றதை இழுத்தால் சுருளும்.

காது சின்னதாக இருக்கட்டும். தோளை மூடுகிற விசிறிக் காது ஆப்பிரிக்க யானைக்கு. நம் யானைக்கு நெற்றியில் இரண்டு மேடு வரும், அதை விட்டுவிடாதீர்கள். நடையைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். பின்னால் இருப்பவர் இடது காலை முதலில் வைக்க வேண்டும், அரை நொடி கழித்து முன்னவர் இடது கால், அப்புறம் பின்னவர் வலது, முன்னவர் வலது. இருவரும் ஒரே நேரத்தில் காலை எடுத்தால் யானை போய்விடும், இரண்டு மனிதர்கள்தான் தெரிவார்கள். எங்களுக்கு இது கைவர ஒன்பது நாள் ஆனது. பார்ப்பதற்கு நெஞ்சுப் பக்கம் கொசுவலைத் துணி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடிக்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்த நாடகத்தின் அழைப்பிதழில் தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், மைக் செட் போட்டவர் எல்லார் பெயரும் இருந்தது. யானைக்குள் நடந்த இரண்டு பேர் பெயர் இல்லை. என் பெயரை விடுங்கள், அவர்களுடைய பெயர் வேண்டாமா? சுவரொட்டியில் பெரிதாகப் போட்டதே அந்த யானையைத்தான். கேட்டதற்கு, "அவங்க முகம் தெரியலையே" என்றார்கள். வருடங்கள் போயும் எனக்கு அது ஆறவில்லை. உங்கள் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்னாலேயே அந்த இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, யானைக்குள் நிற்கப் போகிற இருவரின் தோள் உயரம், இடுப்பளவு இரண்டையும் எடுத்து இங்கே போடுங்கள். பிரம்பு எத்தனை அடி வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.