பழைய தேவாலயத்தைச் சீரமைக்கப் பணம்: வடசென்னைக் கேள்விகளும் பதில்களும்

நூறு வருஷம் தாண்டிய தேவாலயங்களைப் பழுதுபார்க்க நிதி திரட்டுவது பற்றி ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் நிதிக்குழுக்களுக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பவன், பொறியாளர் இல்லை. கட்டடம் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த வேலை தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று கற்றது.

ராயபுரத்திலிருந்து ஒருவர்: எங்கள் கோயில் மேல்தளம் ஒழுகுகிறது, உள்ளே பெயின்ட் உதிர்கிறது. திருவிழாவுக்குள் ஒரு கோடி வசூல் செய்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறது பங்குப் பேரவை (ஆலய நிர்வாகத்தில் உதவும் சபையார் குழு). எங்கே ஆரம்பிக்க வேண்டும் ஐயா?

வசூலில் ஆரம்பிக்காதீர்கள். பழைய கட்டடத்தில் பழகிய ஒரு பொறியாளரை வைத்து முதலில் ஆய்வறிக்கை வாங்குங்கள். உங்கள் மேல்தளம் அநேகமாக மெட்ராஸ் டெரஸாக இருக்கும். தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் மூலைவாட்டில் நிறுத்தி அடுக்கிய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து அடித்த கான்கிரீட், கடைசியாகத் தட்டையான ஓடு, அதாவது தட்டோடு. தட்டோட்டில் விரிசல் விட்டால் தண்ணீர் நேராகக் கீழே சொட்டாது. சரிவு பார்த்துப் போய், உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழைகிற இடத்தில் தங்கும். வெளியே தெரியும் உத்தரம் இரும்பு மாதிரி இருக்கும். சுவர் ஓரத்தில் திருப்புளியால் குத்தினால் பொலபொலவென்று உதிரும். நீங்கள் பார்க்கிற பெயின்ட் உதிர்வு இதன் கடைசி அடையாளம்தான்.

ஆகவே முதல் கட்டம் கூரையும் மழைநீர்க் குழாய்களும். அடுத்து சுவர், அப்புறம் கதவு ஜன்னல், பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. கொடியேற்றத்துக்கு முன் பெயின்ட் அடித்துப் பணத்தைத் தீர்த்துவிட்டு, ஐப்பசி மழையில் மறுபடி உண்டியலைத் தூக்குகிறோம்.

அறிக்கை கையில் இருந்தால் கேட்பதும் சுலபம். ஒரு கோடி என்றால் ஒரு குடும்பத்துக்கு அது தன்னால் ஆகிற காரியமாகவே தோன்றாது. ஓர் உத்தரம் மாற்ற இவ்வளவு, ஒரு சதுர அடி தட்டோடு பதிக்க இவ்வளவு என்று சொல்லுங்கள். ஓர் அன்பியம், அதாவது பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு, சேர்ந்து ஓர் உத்தரத்தை ஏற்றுக்கொள்ளும்.

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி: எங்கள் ஜனங்கள் கொடுக்கத் தயங்குகிறவர்கள் இல்லை. ஆனால் போன வருஷம் மே மாதம் வசூலுக்குப் போனோம், ஒன்றும் தேறவில்லை. ஏன்?

மே மாதம் போனதுதான் காரணம் அம்மா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போது யாரிடம் போய்க் கேட்பது? படகுக்காரர்களுக்கு மட்டுமல்ல, ஐஸ் உடைக்கிறவர், வலை பின்னுகிறவர், கூடை தூக்குகிற பெண்கள் எல்லோருக்கும் அது கை வறண்ட காலம். பள்ளிக்கூடக் கட்டணமும் அப்போதுதான் வந்து நிற்கும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கூரையைத் திறந்து வேலை செய்ய நல்ல காலம் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. அதாவது வேலைக்கு ஏற்ற மாதங்களில் பாதியில் பணம் வராது. அதனால் இந்த வருஷக் கூரைக்கு இந்த வருஷம் வசூலிக்க முடியாது. தடை முடிந்து படகு இறங்கி, நாலு நல்ல மீன்பாடு கண்ட பிறகு, ஆடி ஆவணியில் கேட்க ஆரம்பியுங்கள். கிறிஸ்துமஸ் வரை சேர்த்து வங்கியில் வையுங்கள். பிப்ரவரியில் சாரம் கட்டுங்கள். பாதிப் பணத்தோடு கூரையைப் பிரித்துப் போட்டு மழையில் மாட்டுவதைவிட ஒரு வருஷம் தார்ப்பாய் போட்டுக் காத்திருப்பது மேல்.

இன்னொன்று, மொத்தமாகக் கேட்காமல் ஒவ்வொரு மீன்பாட்டுக்கும் இவ்வளவு என்று கேளுங்கள். ராயபுரம் இராயப்பர் ஆலயமே படகுத் தொழிலாளர்கள் எழுப்பியதுதான். அந்தக் கரைக்கு இது புதுப் பழக்கம் இல்லை.

வண்ணாரப்பேட்டை: சுண்ணாம்பு வேலைக்குச் செலவும் அதிகம், நாளும் அதிகம். சிமென்டில் முடித்தால் பாதிப் பணம் போதுமே அண்ணே?

இன்றைக்குப் பாதி, கொஞ்ச வருஷம் கழித்து இரண்டு மடங்கு. துறைமுகத்துப் பக்கம் சுவரில் உப்பு ஏறாமல் இருக்காது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டுச் செங்கல் மாவாகும். பூச்சைத் தட்டிப் பாருங்கள், உள்ளே கடகடவென்று காலியாகச் சத்தம் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடத்தான். நன்கொடையாளர்களை ஒரு சனிக்கிழமை அழைத்து வந்து அரைப்பதைக் காட்டுங்கள். நோட்டீஸ் அடிப்பதைவிட இது பலன் தரும்.

துபாயிலிருந்து: நானும், லண்டனில் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்ட என் அண்ணனும் பணம் அனுப்பலாமா?

உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நிதி ஆகாது. அண்ணன் விஷயம் வேறு. அவர் பிறந்தது தண்டையார்பேட்டையே ஆனாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதி பெறுவதை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தில் பதிவு உள்ள அமைப்பு, டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையிலுள்ள அதற்கான கணக்கில்தான் அதைப் பெற முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. ஆயர் தலைமையிலான மறைமாவட்ட நிர்வாகத்தில் கேட்காமல் ஒரு பவுண்டுகூட வாங்காதீர்கள்.

ஜார்ஜ் டவுன்: அரசு உதவி கிடைக்குமா? எம்.பி. நிதியைக் கேட்கலாமா?

எம்.பி. தொகுதி நிதியை வழிபாட்டுத் தலங்களுக்குச் செலவிட விதிமுறை இடம் தராது, அலையாதீர்கள். மாநில அரசில் தேவாலயங்களைப் பழுதுபார்க்க மானியத் திட்டம் இருக்கிறது. ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேளுங்கள். கட்டடத்தின் வயதுக்கு ஏற்பத் தொகை கூடும், தவணையாக வரும். ஆனால் சீரமைப்புக்கு வெளிநாட்டு நிதி வாங்கியிருந்தால் இது கிடையாது. மேலே லண்டன் அண்ணனைப் பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். எது பெரிய தொகை என்று முதலிலேயே கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பார்த்துவிடுங்கள். இருந்தால் வேலைக்கு முன் அனுமதி வேண்டும்.

எண்ணூர்: கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று செலவிடும் சிஎஸ்ஆர் பணம் கிடைக்குமா?

வழிபாட்டுக்கு என்று கேட்டால் கதவு திறக்காது. கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களைச் சீரமைப்பது இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக் கேளுங்கள். பீடத்தின் படத்தை விட்டுவிட்டு, ஆய்வறிக்கையையும் கூரையின் படத்தையும் முன்னால் வையுங்கள். கேட்கிற அறக்கட்டளைக்கு, அந்தப் பணம் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றவர்: போன தடவை வசூலித்ததற்கே கணக்கு வரவில்லை என்று ஜனங்கள் முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். எப்படிப் போய் நிற்பது?

கேட்கிறவர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் கேட்பது நியாயம். பழைய கணக்கை, குறை இருந்தால் குறையோடு, முதலில் வாசியுங்கள். புது வேலைக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. க்யூஆர் கோடு ஆலயத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும், பொருளாளர் எவ்வளவு நல்லவரானாலும் அவர் நம்பரில் கூடாது. ரசீதுப் புத்தகங்களுக்கு வரிசை எண் போட்டு, எந்தப் புத்தகம் யார் கையில் என்று எழுதி வையுங்கள். ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

வரிவிலக்கு உண்டு என்று மேடையில் வாய் விடாதீர்கள். 80ஜி என்று பழகிப்போன நன்கொடை வரிச்சலுகை, ஒரு மதத்தாருக்கான ஆலயத்துக்குச் சாதாரணமாகக் கிடைக்காது. மத்திய அரசு வரலாற்றுச் சிறப்புள்ளதென்று அறிவிக்கை செய்த ஆலயத்தின் பழுதுபார்ப்புக்கு உண்டு, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் இந்தச் சலுகை கிடையாது. உங்கள் ஆலயம் அந்த அறிவிக்கையில் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு ரசீதில் அச்சடியுங்கள்.

அப்புறம், மாதா மாதம் முதல் ஞாயிறு வரவு செலவை வாசலில் ஒட்டுங்கள். வசூல் பூஜ்யமாக இருந்த மாதமும் ஒட்டுங்கள்.

அதே நண்பர்: கொடுத்தவர்கள் பெயரைச் சுவரில் கிரானைட்டில் பதிக்கலாமா?

பழைய சுவரில் டிரில் போடவே கூடாது. காம்பவுண்டுக்குள் தனியாக ஒரு பலகை நிறுத்துங்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்கும் ஐம்பதாயிரம் கொடுத்தவருக்கும் ஒரே அளவு எழுத்து.