கால்ல நரம்பு சுருட்டிக்கிறது ஏன், அதுக்கு என்ன வைத்தியம்?

இதுக்குப் பேரு வெரிகோஸ் வெயின், அதாவது கால் தோலுக்கு அடியில ரத்தக்குழாய் வீங்கி பச்சையா, புழு மாதிரி நெளிஞ்சு தெரியுறது. மேல ஏறுற ரத்தம் திரும்ப இறங்காம இருக்க குழாய்க்குள்ள குட்டி குட்டி வால்வு இருக்கு, கிணத்து மோட்டார்ல ஃபுட்வால்வு லீக் ஆனா ஏத்தின தண்ணி கீழயே இறங்கிடும்ல, அதே கதைதான், ரத்தம் தேங்கி குழாய் பெருத்துடும். நடந்தா கெண்டைக்கால் சதையே பம்ப் மாதிரி மேல தள்ளும், அதனால ஒரே இடத்துல நிக்காம நடங்க. கால இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங்ஸ (நீளமான சாக்ஸ்) காலைல கட்டில விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே போடணும், வீங்கினப்புறம் ஏத்துறது பெரிய போராட்டம். ஆனா அது வால்வ சரி பண்ணாது. கணுக்கால் கிட்ட கறுத்து, அரிச்சு, புண்ணாச்சுன்னா ரத்த ஓட்டத்தக் காட்டுற டாப்ளர் ஸ்கேன் பாத்து லேசர்ல அந்தக் குழாய அடைச்சிடுவாங்க, ரத்தம் ஆழத்துல இருக்கிற குழாய் வழியா போய்க்கும். நரம்புன்னு சொல்றோமே தவிர இது நரம்பே இல்ல, நரம்பு டாக்டர்கிட்ட அலையாம ரத்தக்குழாய பாக்குற வாஸ்குலர் சர்ஜன பாருங்க.