பெண்கள் பாட்டுக் குழுவில் இருந்து விலகியவர் தனிப் பாடகியாகவும் நடிகையாகவும் நிலைப்பது எப்படி?

பெரும்பாலும் விலகிய பிறகு தொடங்குவதில்லை. குழுவில் இருக்கும்போதே அடித்தளம் போட்டுவிடுகிறார்கள். தென்கொரியாவின் பே சூஜியைப் பாருங்கள். 2010இல் 'மிஸ் ஏ' குழுவில் அறிமுகமானார். மறு ஆண்டே 'ட்ரீம் ஹை' தொடரில் கதாநாயகி. அப்போது அவர் நடிப்பைக் குறை சொல்லாதவர்கள் குறைவு.

திருப்பம் 2012இல் வந்த 'ஆர்க்கிடெக்சர் 101' படம். 90களின் கல்லூரி மாணவியாக, மொட்டை மாடியில் நண்பனுடன் ஒரே இயர்போனைப் பகிர்ந்து பாட்டுக் கேட்பார். பெரிய வசனம் ஏதும் இல்லை. நாடே அவரை 'தேசத்தின் முதல் காதல்' என்று கொண்டாடியது. என்னைக் கேட்டால், அந்தப் பட்டம் வரம் பாதி, விலங்கு பாதி. அதன்பின் வந்த வேடங்களில் பலவும் அதே சாயல்தான்.

இசையில் அவசரப்படவில்லை. முதல் தனி ஆல்பம் 2017 ஜனவரியில்தான் வந்தது. அந்த ஆண்டு இறுதியில் குழு கலைந்தது. அங்கே பாடகர்கள் நிறுவனத்துடன் போடும் ஒப்பந்தங்கள் பொதுவாக ஏழு ஆண்டுகள் என்பதால், பல குழுக்களுக்கு ஏழாம் ஆண்டுதான் கண்டம். 2019இல், குழுவை நடத்திய ஜேஒய்பி நிறுவனத்தை விட்டு, நடிகர்களைக் கவனிக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். எதை முதன்மையாக வைத்துக்கொண்டார் என்பது அதிலேயே தெரிகிறது.

விலங்கு உடைந்தது 2022இல், 'அன்னா' தொடரில். சிறு பொய்யில் தொடங்கி இன்னொருத்தியின் வாழ்க்கையையே திருடிக்கொள்பவள் வேடம். நடிப்பைக் குறை சொன்னவர்களுக்கு அதன்பின் பேச்சில்லை. மறு ஆண்டு, தென்கொரியாவில் இணையத் தொடர்களுக்குத் தரப்படும் புளூ டிராகன் விருதுகளில் சிறந்த நடிகை விருதும் அவருக்கே.